அண்டர்டேக்கர் மூஞ்சி எங்கே போச்சு?

சின்ன வயசுல சேர்த்த ட்ரம்ப் கார்டு, பபிள்கம் கார்டு, போக்கிமான் கார்டு எதையாவது இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் மக்களே, ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவைப் படிச்சு முடிச்சதும் அந்த ஆல்பத்தை எடுத்து மோந்து பாருங்க. ஆமாம், மூக்காலதான். புது ரெயின்கோட்டைப் பிரிக்கும்போது ஒரு வாசனை அடிக்குமே, அது வந்தால் உங்க கார்டுகளுக்கு முதல் எதிரி கரையான் இல்லை, மழை இல்லை. பத்திரமா இருக்கட்டும்னு நீங்களே காசு கொடுத்து வாங்கிப் போட்டு வைத்த அந்த உறைதான்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. என் கண்ணில் பட்டவரை எங்க பக்கத்தில் கவனிப்பில்லாமல் கெட்ட கார்டுகளைவிட, அக்கறையால் கெட்டவைதான் அதிகம்.

பொதட்டூர்பேட்டையில் ஒரு நண்பர். தொண்ணூறுகளில் வந்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டு முழுக்கட்டு வைத்திருந்தார். ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ், ரேங்க் என்று வரிசையாகப் போட்டிருக்குமே, அது. யோகோசுனா கையில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு "வெயிட்!" என்று கத்திய தலைமுறைக்கு விளக்கம் வேண்டாம். (கொசுவத்தி சுத்துறதை இத்தோட நிறுத்திக்கறேன்.) அவர் கொஞ்சம் ஒழுங்கான ஆசாமி. கல்லூரிக்குப் போகும்போது கார்டுகளை எல்லாம் ஒரு விசிட்டிங் கார்டு ஆல்பத்தில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். வெளியே ரெக்ஸின் அட்டை, உள்ளே மெத்மெத்தென்று கண்ணாடி மாதிரிப் பைகள். அவர் தம்பியிடமும் ஒரு கட்டு இருந்தது. அந்தத் தம்பி ஒரு ஆசாமியே இல்லை. விளையாடி முடித்து ஷூ டப்பாவில் வீசிவிட்டு மறந்தே போனான்.

பல வருஷம் கழித்து இரண்டையும் ஒரே நாளில் வெளியே எடுத்தார்கள். ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது சர்ரென்று சத்தம். தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. அண்டர்டேக்கரை இழுத்தால் அட்டை மட்டும் வந்தது, அவர் மூஞ்சி ப்ளாஸ்டிக்கிலேயே தங்கிவிட்டது. ஷூ டப்பா கட்டுக்கு முனை மழுங்கியிருந்தது, ஓரம் பஞ்சுபஞ்சாகப் பிரிந்திருந்தது. ஆனால் படம் அப்படியே இருந்தது. நண்பர் சொன்னதை அவர் பாஷையிலேயே தருகிறேன்: "இன்னாபா இது? பத்திரமா வெச்சது பாழாப் பூட்ச்சி, தூக்கிப் போட்டது நல்லா கீது!"

விஷயம் இதுதான். அந்த மெத்மெத்துப் பை பிவிசி. பிவிசி என்பது இயல்பில் விறைப்பான பொருள். வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிறோமே, அதே ஜாதி. அதைத் துணி மாதிரி மடங்க வைக்க எண்ணெய் மாதிரியான ஒரு ரசாயனத்தைக் கலக்கிறார்கள். ப்ளாஸ்டிசைஸர் என்று பெயர். பெரும்பாலும் தாலேட் வகையறா. மெல்லிய பைகளில் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட இதுவே இருக்கும். ஆனால் அது பிவிசியோடு வேதியியல் முறையில் இணைவதில்லை. சும்மா உள்ளே ஊறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வாடகைக்கு வந்தவர் மாதிரி, எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். கிளம்பினால் முதலில் போய் உட்காரும் இடம் பக்கத்தில் இருக்கிற கார்டுதான். மேலே பூசிய வார்னிஷை இளக்கும், மையை இளக்கும், கடைசியில் இரண்டையும் ப்ளாஸ்டிக்கோடு சேர்த்து ஒட்டிவிடும். ஜெராக்ஸ் எடுத்த தாளை இந்த மாதிரிக் கவரில் ரொம்ப நாள் வைத்துவிட்டு எடுத்தால் எழுத்தெல்லாம் கவரில் கண்ணாடிப் பிம்பமாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதை.

இன்னொரு பக்கம், பிவிசி வெயிலிலும் சூட்டிலும் சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடும். அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். காகிதத்துக்கு அமிலம் ஆகாது. பழுக்கும், பிறகு அப்பளம் மாதிரி உடையும். நாணயம் சேர்க்கிற நண்பர்களுக்கு இது நன்றாகவே தெரியும். செம்பு கலந்த காசைப் பிவிசி உறையில் விட்டால் பச்சைப் பிசின் படியும்.

சரி, இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் எழுதி வைத்ததுதானே என்று கேட்கலாம். வெளிநாட்டுக்காரர் வீட்டைவிட நம்ம வீட்டில் இது ரொம்ப வேகமாக நடக்கும் என்பதுதான் என் கவலையே. வேதியியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த மாதிரி மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 20 டிகிரி குளிரில் வைத்த கார்டுக்கு ஆகிற சேதம், 40 டிகிரியில் நாலு மடங்கு வேகத்தில் ஆகும். மே மாதம் திருத்தணி 40 டிகிரியைத் தாண்டுவதெல்லாம் செய்தியே இல்லை. பள்ளிப்பட்டில் நாங்களும் அதே அடுப்பில்தான் இருக்கிறோம். அந்த வெயிலில், சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே பரணில் ஒரு பிவிசி ஆல்பம். என்ன ஆகும் சொல்லுங்க. பரண் வேண்டாம்னு இரும்புப் பீரோவில் வைப்பவர்கள் அந்தப் பீரோவைச் சரியாக மேற்குச் சுவரில் சாத்தி வைத்திருப்பார்கள். சாயங்காலம் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது.

வெயில் முடிந்தால் மழை. ஆந்திரா பக்கம் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் தரைப்பாலம் மூழ்குகிற ஊர் இது. ஐப்பசி கார்த்திகையில் வீட்டுக்குள்ளேயே துணி காயாது. காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். உறை காற்றே புகாமல் மூடியிருந்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மோசம். ஷூ டப்பா தப்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அது மூச்சு விட்டது.

இந்த ஈரத்துக்கும் வெயிலுக்கும் இன்னொரு சாட்சி எங்க தெருப் பையன். "மாமா, என் சாரிசார்ட் வளைஞ்சு போச்சு, இஸ்திரி போட்டா நேராயிடுமா?" என்று ஓடி வந்தான். போட்டுத் தொலைத்துவிடப் போகிறானே என்று எனக்குப் பதறிவிட்டது. (அந்தக் கார்டு அசலா டூப்ளிகேட்டா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. அவனுக்கு அது அசல், அவ்வளவுதான்.) மினுமினுக்கும் கார்டில் முன்பக்கம் உலோகப் பூச்சுத் தகடு, பின்பக்கம் காகிதம். காகிதம் ஈரத்தைக் குடித்து விரியும், தகடு விரியாது. அதனால் மழைக்காலத்தில் படம் இருக்கிற பக்கம் உள்வாங்கி வளையும். வெயில் காலத்தில் காகிதம் காய்ந்து சுருங்க, எதிர்ப்பக்கம் வளையும். வருஷா வருஷம் இப்படி ஊஞ்சல் ஆடினால் ஓரத்தில் அடுக்கு பிரிய ஆரம்பிக்கும். இஸ்திரிச் சூடு பட்டால் மேல்பூச்சே கெட்டுவிடும். ஈரம் குறைந்த இடத்தில், இரண்டு பக்கமும் வெள்ளைத்தாள் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றிச் சில நாள் விடச் சொன்னேன். முழுசாக நேராகவில்லை, ஆனால் பையன் முகம் நேராகிவிட்டது :-)

அப்போ எந்த உறைதான் நல்லது? மூன்று ப்ளாஸ்டிக்குகள் தேறும். பாலிப்ரொப்பிலீன், பாலிஎதிலீன், மேல்பூச்சு இல்லாத பாலியெஸ்டர். இவை வளைவதற்கு அந்த எண்ணெய்ச் சமாச்சாரம் தேவையில்லை. ஆவணக் காப்பகங்களும் நூலகங்களும் பரிந்துரைப்பது இவற்றைத்தான். கடையில் போய் "பாலிப்ரொப்பிலீன் இருக்கா" என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார் என்பது உண்மைதான். பொருளின் மேலோ பாக்கெட்டிலோ முக்கோணத்துக்குள் ஓர் எண் போட்டிருக்கிறதா பாருங்க. 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், வாங்கலாம். 2, 4 இரண்டும் பாலிஎதிலீன், பரவாயில்லை. 3 என்றால் பிவிசி, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்க. வெறும் "ஆசிட் ஃப்ரீ" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீங்க, அந்த வார்த்தையை எதன் மேல் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

எண்ணே இல்லையென்றால் ஒரு டம்ளர் தண்ணீர் போதும். உறையின் ஓரத்தில் நகம் அளவு வெட்டித் தண்ணீரில் போட்டு, ஸ்பூனால் முழுக்க அமுக்கிவிடுங்க, காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்க. மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎதிலீன். தண்ணீரைவிட லேசானவை. மூழ்கினால் பிவிசி அல்லது பாலியெஸ்டர். இந்த இரண்டையும் பிரிக்கக் கையும் மூக்கும் போதும். பாலியெஸ்டர் மொறுமொறுவென்று சத்தம் போடும், வாசனை கிடையாது. பிவிசி ரப்பர் மாதிரி குழையும், ரெயின்கோட் வாசனை வரும். பத்துப் பைசா செலவில்லை.

அந்த விறைப்பான, மேலே திறந்த கண்ணாடிப் பட்டை மாதிரி உறை, டாப்லோடர் என்பார்களே, அதுவும் பிவிசிதான். இதைச் சொன்னால் சேகரிப்பாளர்கள் சண்டைக்கு வருவார்கள். பதற வேண்டாம். அது விறைப்பு பிவிசி, எண்ணெய் ரொம்பக் குறைவு. இருந்தாலும் கார்டை நேராக அதற்குள் செருகாமல், முதலில் மெல்லிய பாலிப்ரொப்பிலீன் உறையில் போட்டு அப்புறம் செருகுங்க. வளையாமல் இருக்க டாப்லோடர், ஒட்டாமல் இருக்க உள்ளுறை. ஆல்பம்தான் வேண்டும் என்றால் வட்ட வளையம் போட்ட ஃபைலைத் தவிர்க்கலாம். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் அந்த வளையத்தின் மேல் ஏறி உட்கார்ந்து கார்டில் தழும்பு விழும்.

இது எதுவுமே கிடைக்காத ஊரிலிருந்து எழுதுகிறவன் என்ற முறையில் என் தனிப்பட்ட கருத்து: நல்ல வெள்ளைக் காகிதத்தில் மடித்த உறை, அதை அடுக்க ஒரு டப்பா. போதும். செய்தித்தாளில் மட்டும் மடிக்காதீங்க. அதன் மரக்கூழில் லிக்னின் அப்படியே இருப்பதால் தானும் பழுத்து, தொட்டதையும் பழுக்க வைக்கும். எவர்சில்வர் டப்பா வைத்துக்கொள்ளலாம். வெயில் அடிக்காத உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து ஒரு முழம் மேலே. மழைக்காலத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். செருப்பு டப்பாவிலிருந்து எடுத்த பழைய பொட்டலத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள், அது எப்போதோ வயிறு நிறையக் குடித்திருக்கும். காய வைத்துத்தான் திரும்ப உபயோகிக்க முடியும். பாச்சை உருண்டை போடுவது நம்ம வீட்டு வழக்கம். அதன் ஆவி சில ப்ளாஸ்டிக்குகளையே இளக்கிவிடும் என்பதால் கார்டு டப்பாவுக்குள் வேண்டாம். ஓலைச்சுவடிக்கு வசம்பு வைத்தார்களே என்று வசம்புத் துண்டு போடுகிறவர்கள் அதைத் துணியில் முடிந்து, கார்டில் படாமல் ஓரமாக வைக்கலாம். இராமபாணப் பூச்சி வந்துவிட்டதா என்று வருஷத்துக்கு இரண்டு முறை திறந்து பார்ப்பதுதான் வசம்பைவிடப் பெரிய காவல்.

அப்புறம் ரப்பர் பேண்டு. கட்டுக் கட்டாகப் போட்டு வைத்திருப்பீங்க, தெரியும். இன்றைக்கே கழற்றிவிடுங்க. முதலில் முனையை வெட்டும், பிறகு இளகி ஒட்டும், கடைசியில் காய்ந்து பழுப்புக் கோடாகப் பதியும். ஒரே பொருள், மூன்று கொலை.

லேமினேஷனைப் பற்றிப் பேசாமல் விட்டால் என் மனசு ஆறாது. ரேஷன் கார்டிலிருந்து பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை லேமினேட் செய்தால்தான் பத்திரம் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. கார்டையும் கொண்டுபோய் நீட்டிவிடுகிறோம். சூட்டில் உருகும் பசையை இரண்டு பக்கமும் பூசி அழுத்துவதுதான் அது. திரும்ப எடுக்க முடியாது. பெரிய இடங்களே இந்த வழியில் போய்ப் பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பவர் 1930களில் செல்லுலோஸ் அசிடேட் தகடு வைத்துச் சூட்டில் அழுத்தும் முறையைக் கொண்டுவந்தார். ஊர் ஊராகக் காப்பகங்கள் பழைய ஆவணங்களை அதில் போட்டு எடுத்தன. பின்னாளில் அந்தத் தகடே சிதைந்து அமிலம் கக்க ஆரம்பித்தது. பழைய சினிமா ஃபிலிம் டப்பாவைத் திறந்தால் காடி வாசனை அடிக்குமே, அதே செல்லுலோஸ் அசிடேட்தான். தில்லியில் இருக்கும் நம்முடைய தேசிய ஆவணக் காப்பகம் சூடே இல்லாமல், அசிட்டோன் தொட்டுக் கையால் ஒட்டும் முறையைக் கடைப்பிடித்தது. அசிட்டோனிலேயே கரைத்துத் திரும்ப எடுக்கவும் முடியும் என்பது அதன் கெட்டிக்காரத்தனம். தெருமுனை லேமினேஷனில் அந்த வழி கிடையாது.

"அட போப்பா, பத்து ரூபாய்க் கட்டுக்கு இவ்வளவு சீனா?" என்று கேட்பவர்களுக்கு இப்போது பதில். வெளிநாட்டில் ஒரு கார்டு கோடிகளுக்குப் போகிறது என்று ஜல்லி அடிக்க மாட்டேன். நம்ம ட்ரம்ப் கார்டுக்கு அப்படி ஒரு சந்தை இல்லை. அதனால்தான் அதை அமெரிக்காவுக்கு அனுப்பி மதிப்பெண் வாங்கி, அல்ட்ராசானிக் முறையில் ஒட்டிய கெட்டிப் பெட்டிக்குள் சிறை வைப்பதும் வெட்டிச் செலவு என்கிறேன். அந்தப் பெட்டியும் ஈரம் புகாத பெட்டி அல்ல. என் கவலை வேறு. இவற்றுக்கு வேறு பிரதி எங்கேயும் இல்லை.

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் புத்தகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். 1956இல் பத்திரிகைகளையும் சேர்த்தார்கள். பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் கார்டு அதில் வராது. பிக் ஃபன் கார்டு ஞாபகம் இருக்கா? ரன்னும் விக்கெட்டும் அச்சடித்திருக்கும், சேர்த்துக் கொடுத்தால் பரிசு. கொடுத்த கார்டு போயே போச்சு. கொடுக்காமல் வைத்திருந்தவர் பெட்டியில் கிடப்பதுதான் மிச்சம். அதையும் பிவிசியில் போட்டு அழித்தால் அந்தக் கதை முடிந்தது.

அமெரிக்காவுக்கு ஒரு ஜெஃபர்சன் பர்டிக் கிடைத்தார். சைராக்யூஸ் ஊர்க்காரர், மூட்டுவாத நோயாளி. சேர்த்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கார்டுகளையும் துண்டு அச்சுகளையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டு, அங்கேயே வருஷக் கணக்கில் உட்கார்ந்து ஆல்பத்தில் அடுக்கினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் இறந்துபோனார். அந்த மகானும் ஒன்று செய்தார் பாருங்க, பசை தடவி ஒட்டினார்! அந்தக் காலத்து வழக்கம் அப்படி. இங்கிலாந்தில் 1930களில் சிகரெட் கம்பெனிகளே கார்டின் பின்னால் பசை தடவி, ஒரு பென்னிக்கு ஆல்பமும் விற்றார்கள். ஒட்டியதைப் பிரித்தால் பின்பக்க எழுத்து போயிற்று. பிரிக்காவிட்டால் படிக்க முடியாது.

நமக்கும் ஒருத்தர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா, சைன்போர்டு ஓவியர். புத்தகம் மட்டுமில்லாமல், மற்றவர்கள் குப்பை என்று நினைத்த நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, வெளிநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே 1994இல் நூலகம் ஆக்க வழி செய்தது. இன்று தரமணியில் இருக்கிறது. அவர் சேர்த்தது கோட்டையூர் வெயிலைத் தாண்டி வந்ததால்தான் இது நடந்தது. நம்ம பீரோவில் இருக்கும் கட்டு பள்ளிப்பட்டு வெயிலைத் தாண்டுமா என்பதுதான் கேள்வி.

ஸ்கேன் எடுத்து வைத்தால் போதாதா என்பவர்களுக்கு: எடுங்க, கண்டிப்பா எடுங்க, 600 டிபிஐயில், பின்பக்கத்தையும் சேர்த்து. ஆனால் அட்டையின் தடிமனும், எந்த அச்சகத்தில் எப்படி வெட்டினார்கள் என்பதும், மேலே பூசிய வார்னிஷும் ஸ்கேனில் வராது. ஸ்கேன் எடுத்த கையோடு அசலைத் தூக்கி எறிகிற நல்ல மனசு மட்டும் வேண்டாம்.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. இழுக்காதீங்க. தண்ணீர், மண்ணெண்ணெய், ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். ப்ளேடால் உறையின் மூன்று ஓரத்தையும் வெட்டி, ஒட்டாத பக்கத்து ப்ளாஸ்டிக்கை எடுத்துவிடுங்க. படத்தோடு ஒட்டிய பக்கம் அப்படியே இருக்கட்டும். அதன் மேல் பேக்கிங் பேப்பர், அதாவது கேக் வேக வைக்க உபயோகிக்கும் சிலிக்கான் பூசிய தாள், ஒன்று வைத்து, தனித்தனியாக, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், குளிர்ச்சியான இடத்தில் வையுங்க. பொதட்டூர்பேட்டை நண்பரின் மிச்சக் கார்டுகள் இப்போது அப்படித்தான் இருக்கின்றன. ஹல்க் ஹோகன் ப்ளாஸ்டிக் வழியாகத்தான் தெரிகிறார். தெரிகிறார் இல்லையா, அது போதும் என்கிறார் அவர்.

டிஸ்கி: சூடாக்கிய செம்புக் கம்பியை ப்ளாஸ்டிக்கில் தொட்டு மறுபடி நெருப்பில் காட்டினால், பிவிசியாக இருந்தால் சுடர் பச்சையாக எரியும் என்று ஒரு சோதனை உண்டு. அந்தப் புகை கெடுதல். வீட்டம்மாவிடம் திட்டு வாங்குவது அதைவிடக் கெடுதல். டம்ளர் தண்ணீரே போதும் சாமி.